ஞாயிறு பேச்சு: பில்லி ஃபிராங்க்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு குழு அழைப்பில் பில்லி ஃபிராங்க் ஜூனியரைப் பற்றிப் பேசப் போகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நிஸ்குவாலி என்ற ஆற்றங்கரைப் பழங்குடியில் 1931இல் பிறந்தவர்.

1945, குளிர்காலம். 14 வயதுப் பையன் ஆற்றோரம் வலையிலிருந்து மீனை எடுத்துக்கொண்டிருக்கிறான். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, மீன்பிடிக்கக் கூடாது என்று மாநில அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள். அதுதான் பில்லியின் முதல் கைது. அப்புறம் 50 தடவைக்கும் மேல்! இத்தனைக்கும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை, அமெரிக்க அரசோடு பழங்குடிகள் செய்த 1854 ஒப்பந்தமே அவர்களுக்கு உறுதி செய்திருந்தது.

1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கக்கூடிய மீனில் பாதி பழங்குடிகளுக்கு. மீன்வளத்தைக் காப்பதில் மாநில அரசோடு சேர்ந்து முடிவெடுக்கும் இடமும் கிடைத்தது. என்னை அசைத்தது அதற்குப் பிந்தைய பில்லிதான். தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களோடே ஒரே மேசையில் உட்கார்ந்து, சால்மன் மீன்கள் ஆற்றுக்குத் திரும்பி வர என்ன செய்யலாம் என்று பல ஆண்டுகள் பேசினார். 2009இல் நிஸ்குவாலி முகத்துவாரத்தில் கடல்நீரைத் தடுத்து நின்ற பழைய கரைகளை உடைத்தார்கள். கடல்நீர் மறுபடி உள்ளே வந்தது.

2014இல் மறைந்தார். அந்த முகத்துவாரத்தில் உள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

சரி, வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.