அந்தக் காற்சட்டையைத் தைத்தவன் நான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இளைஞர் பக்கத்தில் அந்தக் காலத்து உடுப்பு மோகம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அறுபது, எழுபதுகளில் மட்டக்களப்புப் பொடியன்மார் வேலைவெட்டி இல்லாமல் காற்சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுத் திரிந்தார்களாம். அந்தக் காற்சட்டைகளைத் தைத்தவர்களில் நானும் ஒருவன் ஐயா.

1963இல், 13 வயதில், பட்டினத்துத் தையல்கடை ஒன்றில் பொத்தான் தைக்கச் சேர்ந்தேன். அப்போது குழாய்க் காற்சட்டைக் காலம். லண்டனில் ‘ரெடி போய்ஸ்’ (Teddy Boys) என்ற நாகரிகப் பொடியன்மார் போட்டு, எல்விஸ் பிரெஸ்லியோடு ஊர் ஊராகப் பரவி, எங்கள் கடை மேசைக்கும் வந்தது. கால்வாய், அதாவது காலின் அடிச் சுற்று, 14 அங்குலம். குதிக்கால் நுழையாது, பாதத்தில் கடதாசியைச் சுற்றிக்கொண்டுதான் போடுவார்கள். போட்டவர்கள் யார்? வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இரவு வேலை செய்தவர்கள், வயலில் வெட்டுக்கூலி வாங்கியவர்கள். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஒன்று தைப்பார்கள், அதோடு அந்த வருடம் சரி.

1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாட்டில் துணிக்குப் பட்ட பாடு தாங்கள் அறியாததல்ல. அந்த நேரம் பார்த்துத்தான் துணியைத் தின்கிற பெல்பொட்டம் வந்தது. பொடியன்மார் பழைய குழாய்க் காற்சட்டையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே பக்கத் தையலைப் பிரித்து, முக்கோணத் துண்டு வைத்து விரித்துக் கொடுத்தோம். துண்டுக்குத் தாயின் பழைய சேலை, இல்லாவிட்டால் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கிழியாத பக்கம். சாம்பல் காற்சட்டையில் நடக்கும்போது மட்டும் நீலக்கோடு தெரியும். இதைத்தான் தங்கள் கட்டுரை ஊதாரித்தனம் என்கிறது.

மருதமுனை என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். உடுப்பைப் பற்றித் தாங்கள் எப்போது எழுதினாலும் கொழும்பு, யாழ்ப்பாணம்தான். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததில் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வரவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கட்டுரையில் போட்டிருக்கும் படம் என்னுடையது. பங்குனி மாதம் தங்கள் நிருபர் தம்பி வந்து கேட்டபோது நம்பிக் கொடுத்தேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் எங்கள் கூரை போன இரவு, அளவுக் கொப்பிக்குள் இந்தப் படத்தை வைத்து மனைவி மடியில் கட்டிக்கொண்டு இருந்தாள். அப்படித் தப்பிய படம். அதில் பெல் போட்டு, மதிலில் ஒரு காலை ஊன்றி நிற்பவன் என் தம்பி. கடதாசி ஆலையில் வேலை செய்தவன். இன்று உயிரோடு இல்லை. அவனுக்குக் கீழேதான் ‘வேலைவெட்டி இல்லாமல்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

திருத்தம் போடுவதும் விடுவதும் தங்கள் விருப்பம். படத்தை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் அவனுடைய அளவு எழுதியிருக்கும்: இடுப்பு 28, கால்வாய் 24.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையற்காரர்,
கல்லடி, மட்டக்களப்பு.