கொட்டாங்குச்சிக் குதிரை

அம்மு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருஷம் உன்னைக் கொண்டுபோய் விட்ட பெட்ரோல் காசுக்காவது முழுசாகப் படித்துவிடு.

போன சனிக்கிழமை அம்மாவும் நானும் கௌபாய் கிறிஸ்துமஸ் கச்சேரிக்குப் போயிருந்தோம். நீ இல்லாமல் இதுதான் முதல் தடவை. உன் ஆறு வயதிலிருந்து "குழந்தைக்குப் பிடிக்கும்" என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவேன். உனக்கு பாஸ்டனில் டியூட்டி என்று தெரிந்ததும், "அப்போ இந்த வருஷம் வேண்டாம்தானே?" என்றாள் அம்மா. அதற்குள் நான் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் இத்தனை வருஷக் குட்டு உடைந்துவிட்டது.

அதே ஹால், அதே மடக்கு நாற்காலிகள். மேடையில் நாலு வைக்கோல் கட்டு, ஒரு வண்டிச் சக்கரம், அதைச் சுற்றிச் சீரியல் பல்பு. இந்தத் தடவை வந்தது ஒரு குடும்பம். அப்பா கிட்டார், அம்மா ஆளுயர பேஸ், பையன் அக்கார்டியன், கடைக்குட்டி ஃபிடில் (நம் வயலின்தான், பேர்தான் வேறு). குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு அந்தப் பையன் எடுத்தது என்ன தெரியுமா? இரண்டு கொட்டாங்குச்சி! பலகையில் கவிழ்த்துத் தட்டுகிறான். முதலில் குதிரை நடக்கிறது, அப்புறம் லேசாக ஓடுகிறது, கடைசியில் தூரத்தில் போய் மறைகிறது. முதல் வருஷம் கச்சேரி முடிந்ததும் நீ மேடைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இது நம்ம வீட்டுல தூக்கிப் போடுறது!" என்று கத்தினாயே, அதை அம்மா ஞாபகப்படுத்தினாள்.

பாட்டுக்கு நடுவே அந்த அப்பா நிறையப் பேசினார். 1870களில் டெக்சாஸ் மாடுகளை ஆயிரக்கணக்கில் கான்சாஸ் ரயிலடிவரை ஓட்டிப் போனார்கள் இல்லையா, அந்த சிசோம் தடம் நம் ஃபோர்ட் வொர்த் வழியாகத்தான் போனது. ராத்திரியில் மந்தை படுத்திருக்கும்போது இரண்டு பேர் குதிரையில் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றி வருவார்களாம், மெதுவாகப் பாடிக்கொண்டே. குச்சி ஒடியும் சத்தம் கேட்டாலே மிரண்டு ஓடுகிற மாடுகள், பாட்டுக் கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அடங்கிக் கிடக்கும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தால் சர்ச் பாட்டு. நம் தாலாட்டுத்தான். என்ன, பிள்ளைகள் கொஞ்சம் பெரிசு, கொம்பும் உண்டு.

ஒன்றே ஒன்றை அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் குறைதான். அந்த மாடோட்டிகளில் மெக்சிகோக்காரர்களும் கறுப்பினத்தவரும் நிறையப் பேர். தொழிலின் நிறைய வார்த்தைகள் ஸ்பானிஷிலிருந்து வந்தவை. பூப்போட்ட சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகக் குதிரைமேல் பாடிக்கொண்டு போகிற ஆள், 1930களில் ரேடியோவும் ஹாலிவுட்டும் செய்து கொடுத்த ஆள். அப்படிப் பாடி நடித்துப் பேர் வாங்கிய ராய் ராஜர்ஸ் பிறந்தது ஓஹையோவின் சின்சினாட்டியில். அவரோடு 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' குழுவில் பாடி, அதன் நல்ல பாட்டுகள் பலவற்றை எழுதிய பாப் நோலன் கனடாவில் பிறந்தவர். வெளியூர்க்காரர்கள் சேர்ந்து இந்தப் புழுதியைப் பாடியிருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, அந்த ஹாலில் உட்கார எனக்கு ஒருநாளும் கூச்சமாக இருந்ததில்லை.

இன்னொரு பாட்டுக்கார கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரி மட்டும் அசல் டெக்சாஸ். நம் வீட்டுக்கு வடக்கே டியோகாவில் 1907இல் பிறந்தவர். 1946இல் ஹாலிவுட் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் இவர் குதிரையில் போகிறார். ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். கவனித்துக் கேட்டால், பின்னால் வருகிற சாண்டாவைப் பார்த்து! வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். இவர் அதையே பாட்டாக்கி அடுத்த வருஷம் பாடிவிட்டார். 1949இல் அந்தச் சிவப்பு மூக்கு மான் பாட்டும் அவர் பாடியதுதான். அதற்கு ஹால் முழுக்கச் சேர்ந்து பாடியது. அம்மாவும் பாடினாள். சுதி சேரவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் அந்தக் கடைக்குட்டி யோடல் பண்ணினாள். அடிக்குரலிலிருந்து சட்டென்று பொய்க்குரலுக்குத் தாவுகிறது, திரும்ப இறங்குகிறது. குரல் உடையக்கூடாது என்று நம் பாட்டு வாத்தியார்கள் தலையில் குட்டுவார்கள். இங்கே உடைகிற அந்த இடம்தான் வித்தையே. முடித்த கையோடு ஃபிடிலை எடுத்துத் தாடைக்கடியில் வைத்து, பூட்ஸ் காலால் தாளம் போட்டபடி நின்று வாசித்தாள். பத்து, பதினொரு வயதிருக்கும்.

அங்கேதான் எனக்கு உள்ளே என்னமோ செய்தது. உனக்குப் பதினொரு வயது, கச்சேரி முடிந்து காரில் வருகிறோம். "அப்பா, நானும் அந்த மாதிரி நின்னுக்கிட்டு வாசிக்கட்டுமா?" என்று கேட்டாய். "அது சர்க்கஸ். முதலில் வர்ணத்தை ஒழுங்காக வாசி" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சம்மர் வருவதற்குள் வயலின் பெட்டி மூடியாகிவிட்டது. அமெரிக்கப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதே மரம், அதே நாலு தந்தி. சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசித்தால் சங்கீதம், நின்று வாசித்தால் சர்க்கஸ் என்று எனக்கு யார் சொன்னது? ஒருத்தரும் இல்லை. நானாகச் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் அறை அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினேன். மெல்லிசான தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. வில்லில் பாதி முடி இல்லை. வில்லில் தேய்க்கிற ரோசின் கட்டி துணியோடு ஒட்டிப்போயிருந்தது. வயலினில் மட்டும் விரிசல் இல்லை. இன்றைக்கு ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு வாரம் ஆகும் என்றார். தந்தி மாட்டிச் சுதி எப்படி வைக்கட்டும் என்று கேட்டார். நீ வாசித்த மாதிரி ச-ப-ச-ப வைப்பதா, அவர்கள் வைக்கிற ஜி-டி-ஏ-இயா? மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா