புதிய சர்வர் வேண்டாம், பூட்டு வேண்டும்

நம் நகரக் கோயில் காரியக்காரர்களுக்கு வணக்கம்.

புள்ளிக் கணக்கில் (நகரத்தார் வழக்கில், மணமாகி வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பதிவுகள் மறைவதால் புதிய சர்வர் வாங்க வசூல் அறிவித்திருக்கிறீர்கள். அதை நிறுத்தி வையுங்கள். பழுது இயந்திரத்தில் இல்லை. கணக்கு எழுதும் பிள்ளைகளைச் சந்தேகிப்பது அதைவிடப் பெரிய தவறு.

அலுவலகக் கணினிகள் மூன்றும், சர்வரிலுள்ள கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான என்எஃப்எஸ் வழியாக ஒரே கோப்பைத் திறக்கின்றன. அந்த நெறிமுறை தரும் வாக்கு சிறியது: ஒருவர் கோப்பை மூடியதும் அவர் எழுதியது சர்வருக்குப் போயிருக்கும், அதன்பின் திறப்பவர் புதியதைப் பார்ப்பார். இருவர் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் அது பொறுப்பேற்காது. ஒருவர் முகூர்த்தம் முடிந்த புதுப் புள்ளியைப் பதிந்து மூடுகிறார். காலையிலேயே திறந்து வைத்திருந்த மற்றவர் மலேசியாவிலிருந்து வந்த வரியைப் பதிந்து மூடுகிறார். நம் மென்பொருள் முழுக் கோப்பையும் திரும்ப எழுதுவதால் புதுப் புள்ளி காணாமல் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. புதிய சர்வரும் இதையேதான் செய்யும், கொஞ்சம் வேகமாக.

லேவாதேவிக் கடையில் பேரேடு ஒன்றுதான். அதன்முன் உட்கார்ந்தவர் எழுந்தால்தான் அடுத்தவர் எழுதுவார். கணினியில் அந்த ஒழுங்குக்குத்தான் கோப்புக்குப் பூட்டு. நம் இணைப்பிலோ 'நோலாக்', அதாவது சர்வரில் பூட்டு வேண்டாம், என்று அமைத்திருக்கிறார்கள். என்எஃப்எஸ் பதிப்பு 3-இல் பூட்டுக்குத் தனி நெறிமுறை; அது தொல்லை கொடுத்ததால் யாரோ அணைத்திருக்கலாம். இப்போது ஒரு கணினி போடும் பூட்டு பக்கத்து மேசைக்குத் தெரியாது.

2000-இல் வரையறுக்கப்பட்ட பதிப்பு 4, பூட்டை நெறிமுறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. பூட்டு குத்தகைக்குத்தான் கிடைக்கும்; கணினி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 வினாடியில் குத்தகை முடிந்து மற்றவருக்கு வழி கிடைக்கும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது ஒன்றுக்காகவே மாறலாம். பூட்டைப் போடும்போது கணினி தன் நினைவகத்திலுள்ள நகலை அப்படியே நம்பாமல் சர்வரிடம் சரிபார்க்கும். விடும்போது எழுதியதை அனுப்பிவிடும்.

ஆனால் பொதுவாக, பூட்டைக் கேட்கும் நிரலுக்குத்தான் பூட்டு; கேட்காமல் எழுதுவதை அது தடுக்காது. எனவே மென்பொருள் தந்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்: கோப்பைப் படிப்பதற்கு முன்பே பூட்டுப் போடுகிறதா? எழுதும் நேரத்தில் மட்டும் போட்டால் பயனில்லை. பழைய நகல்தான் கையில் இருக்கும்.

பதில் வரும்வரை ஒரு கணினியில் மட்டும் பதியட்டும். மற்ற இரண்டும் படிப்பதற்கு மட்டும். மறைந்த பதிவுகளைக் கையெழுத்து ரசீதுகளோடு ஒப்பிட்டு, அந்தப் புதுப் புள்ளியின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இவண்,
வரி கட்டும் ஒரு புள்ளி