தேவாங்குக்குப் பட்டா நிலத்து உயிர்வேலிகளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டிலேயே அமைந்த முதல் சரணாலயம் எங்கள் பகுதியில் இருப்பது எங்களுக்குப் பெருமைதான். ஆனால், தேவாங்கு காப்புக்காட்டின் எல்லைக்கல்லோடு நின்றுவிடும் உயிரினம் அல்ல. மலையடிவாரத்துப் பட்டா நிலங்களின் புளியமரங்களும் கிளுவை நட்டு வளர்த்த உயிர்வேலிகளும் அதற்கு வாழிடமே. அந்த நிலங்களின் உரிமையாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பில் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.

தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையை இறுகப் பற்றியபடி கையை நீட்டி, அடுத்த கிளை வசப்பட்ட பிறகே பழைய பிடியை விடும். ஆகவே வேலியும் மரமும் கிளைகோத்து நிற்கும் வரைதான் அதற்கு வழி உண்டு. நடுவே சிறிது தூரம் வெட்டவெளியானாலும் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், இறங்கினால் நாய்களிடமோ வாகனங்களிடமோ சிக்கிவிடுகிறது. இரவெல்லாம் பூச்சிகளைத் தின்று வெள்ளாமைக்கு உதவும் உயிர் இப்படி மடிவது வேதனையளிக்கிறது.

வேலியை அழிக்கும் விவசாயியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆண்டுதோறும் கவாத்து செய்ய ஆள் கிடைப்பதில்லை; வேலியோரப் பயிர் நிழலில் சோடை போகிறது; சந்து விழுந்த இடத்தில் ஆடு புகுந்துவிடுகிறது. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினால் இந்தத் தொல்லைகள் இல்லை. சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. அதே அக்கறை உயிர்வேலிக்கும் கிடைக்க வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 36-சி பிரிவு, தனிநபர் விரும்பி முன்வந்தால் அவரது நிலத்தை வனவிலங்குகளுக்கான சமுதாயக் காப்பகமாக அறிவிக்க வகை செய்கிறது. எனினும், அறிவித்த பின் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் தேவை. இரண்டு ஏக்கரை நம்பிப் பிழைக்கும் குடும்பம் இந்த நிபந்தனையைக் கண்டு தயங்குவது இயல்பே.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள கொக்கரேபெள்ளூரில், ஊருக்குள் நிற்கும் தனியார் புளியமரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகப் புளி உலுக்குவதை விட்டுக்கொடுக்கும் மர உரிமையாளர்களுக்கு அம்மாநில வனத்துறை இழப்பீடு தருகிறது. பறவைகள் மீது அவ்வூர் மக்களுக்குத் தலைமுறைப் பாசம் உண்டு என்றாலும், அந்தப் பாசத்தின் செலவை அவர்களே சுமக்கட்டும் என்று அரசு விட்டுவிடவில்லை என்பதே முக்கியம்.

நம் மாநிலத்திலும் நிலத்தின் மீது நிரந்தரக் கட்டுப்பாடு விதிக்காமல், விரும்பும் விவசாயியோடு வனத்துறை ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உயிரோடு நிற்கும் வேலியை வனக்காப்பாளரும் கிராம நிர்வாக அலுவலரும் ஆண்டுக்கொரு முறை அளந்து பார்த்து, மீட்டர் கணக்கில் பராமரிப்புத் தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தலாம். சந்து விழுந்த இடங்களில் ஊன்றக் கிளுவைப் போத்துகளையும் (வெட்டி நடும் கிளைகள்) வழங்கலாம். தோட்டத்தில் தேவாங்கு இருப்பதாகச் சொன்னால் நிலம் பறிபோய்விடுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அப்படி நேராது என்று மாவட்ட ஆட்சியர்கள் கிராமசபைக் கூட்டங்களில் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும். போத்து வேர்பிடிக்க ஈரம் வேண்டும் என்பதால், அடுத்த பருவமழைக்கு முன்பே இரு மாவட்ட நிர்வாகங்களும் சரணாலயத்தை ஒட்டிய சில ஊராட்சிகளிலாவது இதைத் தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.