நாற்பத்தொரு பெயர்கள்

தலவாக்கலை
கார்த்திகை மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. மேல்கணக்குப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. ஆனால் பதில் தாமதமானதற்கு மழை காரணமில்லை. நீ எழுதிய விஷயம் அப்போது என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

மற்றச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நுவரெலியாவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் வந்திருக்கிறது. அதற்காக வாசலில் நின்ற பெரிய மரத்தை வெட்டிவிட்டார்கள்.

நீ முப்பது வருடம் ஆபரேட்டராக நின்ற கூடலூர்த் தியேட்டர் கல்யாண மண்டபமாகப் போகிறது என்று படித்ததும் நெஞ்சு கனத்துப்போனது. திருட்டுப் படம்தான் உங்கள் சோற்றில் மண்ணைப் போட்டது என்றும், அதில் இலங்கை ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். 1981இல் தலைமன்னாரில் கப்பல் ஏறிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நீ. அந்த வரியை உன் கையெழுத்தில் பார்த்தது கொஞ்சம் சுட்டது.

இந்தப் பேச்சு புதிதல்ல. 2016இல் இயக்குநர் சேரன் ஒரு பட விழா மேடையில், திருட்டுப் படங்களை இணையத்தில் விடுபவர்களில் இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள், இவர்களுக்காகவா போராடினோம் என்று தோன்றுகிறது என்ற பொருளில் மனம் வெதும்பிப் பேசினார். அன்று எனக்குக் கடும் கோபம் வந்தது. எங்கோ உட்கார்ந்து எவனோ செய்கிற வேலைக்கு, ஒரு நாள் பேருக்காக, அதாவது ஒரு நாள் கூலிக்காக, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற பெண்ணும் சேர்ந்து ஏச்சு வாங்க வேண்டுமா? இன்றும் அதைக் கேட்பேன். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படி வெடித்தார் என்பது இப்போது விளங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுப்படத்தை டிவிடியில் நேரே வீடுகளுக்கே விற்கும் திட்டத்தைத் தொடங்கி, தம் சொந்தப் படத்தையே அதில் முதலில் வெளியிட்டிருந்தார். 2013இல் கமல்ஹாசன் விஸ்வரூபத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே கொடுக்க முயன்றபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்ததும், நீ அவர்கள் பக்கம் நின்று எனக்கு மூன்று பக்கம் எழுதியதும் நினைவிருக்கிறதா? நேர்வழியில் வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தவர்களுக்கு அந்த வழி எளிதாக இருக்கவில்லை. திருடியவனுக்கு எந்த வாசலும் அடைபடவில்லை.

எங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நீ போன பிறகு இங்கே வீடியோ நாடா ஓட்டும் டெக் வந்தது. திருவிழா இரவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மேசை போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். பிரதிக்குப் பிரதி எடுத்த நாடா. சிவப்பு வழிந்து முகமெல்லாம் பரவியிருக்கும். பிறகு சீடி. தியேட்டருக்குள் கேமரா வைத்துத் திருடிய ஒரு பிரின்டில், கதாநாயகனின் தாய் சாகும் நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்து குறுக்கே போனார். அவர் தலையின் நிழல் அந்தத் தாயின் முகத்தை முழுக்க மறைத்துவிட்டது. அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த முகத்துக்காக ஒரு நடிகை உழைத்திருப்பார், ஒருவர் விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்திருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குள் தியேட்டர் இல்லை. டவுனுக்குப் போனால் பஸ் கூலியும் டிக்கெட்டும் சேர்ந்து ஒரு நாள் பேரைத் தின்றுவிடும். வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மை. இன்னொருவர் உழைப்பு என்ற நினைப்பே இருக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தங்கையின் மகன் குறும்படம் எடுக்கிறான் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? 22 நிமிடப் படம். ஒரு பெண் கொழுந்து பறித்து ஓய்வுபெறும் கடைசி நாள், அவ்வளவுதான் கதை. கொழுந்து நிறுக்கும் இடத்தின் சத்தம் சரியாக வரவில்லை என்று மூன்று நாள் மழையில் நின்று ஒலிப்பதிவு செய்தான். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டும்போது ஒரு கிறீச் சத்தம் வருமே, உனக்குத் தெரியும், அதற்காக. தங்கை தோடுகளை அடகு வைத்தாள். பாக்கியைத் தோட்டத்தில் 41 பேர் கொடுத்தார்கள். நூறு ரூபாய் கொடுத்தவர்களும் உண்டு. படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் அந்த 41 பெயரும் ஒவ்வொன்றாக மேலே ஏறும்.

வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பியிருந்தான். இதற்கு முன் எங்கும் காட்டாத படமாக இருக்க வேண்டும் என்பது அந்த விழாவின் நிபந்தனை. அதற்குள், கருத்துச் சொல்லுங்கள் என்று நம்பி அனுப்பிய இடத்திலிருந்து படம் வெளியே போய்விட்டது. நிறையப் பேர் பார்க்கிற ஒரு பக்கத்தில் அதை மூன்று துண்டாக்கிப் போட்டார்கள். தராசுச் சத்தத்தின் மேல் சோகப் பாட்டு ஒன்றை ஏற்றியிருந்தார்கள். கடைசிப் பெயர்களை வெட்டிவிட்டார்கள்.

தோட்டத்தில் அன்று திருவிழாதான். ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்தப் படம். காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பெண்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தான், பெயர்கள் எங்காவது இருக்குமா என்று. விழாவுக்கு எழுதிப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

நான் தேற்றுவதாக நினைத்து, நாலு பேர் பார்த்துவிட்டார்களே, அதற்குத்தானே எடுத்தாய் என்றேன். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சோக்கைப் பற்றி எனக்குச் சொன்னதே அவன்தான். உலகத்திலேயே வெற்றிகரமான விநியோகம் திருட்டுப் பிரதிதான், வேறு வழியில் கிடைக்காவிட்டால் அப்படியாவது பாருங்கள் என்று 2019இல் ஒரு விழாவில் அவர் சொன்னாராம். ஈரானின் ஜாஃபர் பனாஹியின் படங்களும் அப்படித்தான். அரசு தடுத்தவற்றை அந்த மக்கள் களவு டிவிடியில் பார்த்தார்கள். இதையெல்லாம் அவனிடமே திருப்பிச் சொன்னேன். “அது அவர்கள் தங்கள் படத்தைப் பற்றிச் சொன்னது மாமா. என் படத்தை எடுத்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்றான். என்னிடம் பதில் இல்லை.

பார்த்தவர்கள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. பணமும் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் முடித்துவைத்த வேலையை முடித்துவைத்தபடியே யாரும் பார்க்கவில்லை, அதுதான் அவனை அரிக்கிறது. பெரிய படம் எடுத்தவர்களுக்கும் இந்த வலி இருக்கும் என்றே நினைக்கிறேன். கோடிக் கணக்கைப் பேசுவது எளிது, இதைப் பேசுவது கடினம். 2015இல் பிரேமம் என்ற மலையாளப் படம் வெளியே கசிந்தபோது அது தணிக்கைக்குப் போன பிரதி என்பது திரையிலேயே தெரிந்தது. கேமராவோடு தியேட்டருக்குள் வந்த திருடன் வேலையல்ல அது. நம்பிக் கொடுத்த வழியில் எங்கோ நடந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு டிஜிட்டல் சாவி வரும், அது உன் சர்வரில், குறித்த நாட்களில் மட்டும்தான் திறக்கும், எந்தத் தியேட்டரில் எந்த நேரத்தில் பதிவு செய்தார்கள் என்பதைக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத குறியும் படத்துக்குள் இருக்கும் என்று எழுதியிருந்தாய். 2023இல் இந்தியாவில் சட்டமும் இறுகிவிட்டது: குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. இங்கேயும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பையன் எந்த வழக்கறிஞருக்குப் பணம் கட்டி எந்த நீதிமன்றம் போவான்?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. 1975இல் வி. பி. கணேசன் புதிய காற்று எடுத்தாரே, நம் மலையக மக்களின் கதை. அதை மருமகனுக்குக் காட்ட வேண்டும் என்று நல்ல பிரதி ஒன்றைத் தேடிக் களைத்துவிட்டேன். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவில் எரிந்த படச் சுருள்களை நினைத்துக்கொள்கிறேன். இந்தியப் படங்களை ஆளுக்கு ஆள் களவாய்ப் பிரதியெடுத்து வைத்திருந்த நாம், நம்முடைய படத்தைப் பாதுகாத்து வைக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை தோட்டத்து மண்டபத்தில், புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் படத்தை முழுதாகக் காட்டப் போகிறான். உனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சம்மதித்துவிட்டான். அவன் கேட்பது ஒன்றுதான். பெயர் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிடுவோம், அதற்குள் பாதிச் சனம் வாசலுக்குப் போயிருக்கும் என்று நீ முன்பு எழுதியதை அவனிடம் சொல்லியிருந்தேன். இந்தப் படத்துக்கு விளக்கைப் போடாமல் இரு. 17ஆவதாக வருவது உன் சின்னம்மாவின் பெயர். 500 ரூபாயைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, உனக்கு இது தெரிய வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்