கப்பலிலிருந்து பேசும்போது ஒரு நொடி பொறு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பீட் டெஸ்டில் 4 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனாலும் ஒரு பக்கம் திறக்க இழுத்தடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கோளாறு வேகத்தில் இல்லை தம்பி, தூரத்தில்.

உங்கள் கப்பலில் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் விசாட் டிஷ் பார்ப்பது நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளை. ஒளி வேகத்தில் போனாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் நொடி. கரையிலிருந்து பதில் வர இன்னொரு கால் நொடி. மோடம், தரை நிலையம் எல்லாம் சேர்த்தால் ஒரு தடவை போய்வர 600 மில்லி செகண்ட். எவ்வளவு பணம் கட்டி பேண்ட்வித்தை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு போகலாம் என்ற அளவை, கூட்டினாலும் அந்தக் கால் நொடிகள் குறையாது.

புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் அதன் முகவரி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். தளத்தோடு தொடர்பைத் தொடங்கும் டிசிபி இணைப்புக்கு ஒன்று, அதைப் பாதுகாப்பாகப் பூட்டும் டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு என்றால் அதற்கு இரண்டு, பக்கத்தைக் கேட்க ஒன்று. ஐந்து தடவைக்கு மூன்று நொடி. அதற்குப் பிறகுதான் முதல் எழுத்தே வரும். டிஎல்எஸ் 1.3-இல் ஒரு தடவை மிச்சம். துறைமுகத்தில் வைஃபை கிடைக்கும்போது போனையும் பிரவுசரையும் அப்டேட் செய்துகொள்.

தரவையெல்லாம் பூட்டி ரகசியமாக அனுப்பும் விபிஎன் போட்டால் இன்னும் மோசமாவதற்கும் காரணம் உண்டு. கரையின் பதிலுக்குக் காத்திராமல் விசாட் மோடமே டிசிபிக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லி வேகத்தைக் காப்பாற்றுகிறது. விபிஎன் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதால் மோடத்துக்கு உள்ளே எதுவும் தெரியாது. ஆபீஸ் வேலைக்கு மட்டும் போட்டுக்கொள்.

பிங் அடித்துப் பார், ஒரு தடவை போய்வர எத்தனை மில்லி செகண்ட் என்று அது காட்டும். 600-ஐ ஒட்டி நின்றால் அது தூரம், ஒன்றும் செய்ய முடியாது. 1500, 2000 என்று ஏறினால் அது வரிசை, உன் தரவு மற்றவர்களுடையதற்குப் பின்னால் காத்து நிற்கிறது. யாருடைய போனோ போட்டோக்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தினால் சரியாகிவிடும்.

பேச்சுக்கு வருகிறேன். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் கணக்கு. செயற்கைக்கோளுக்கே 250-க்கு மேல் போய்விடுகிறது, குரலைச் சுருக்கி விரிக்கும் கோடெக்கும், முன்பின்னாக வரும் துண்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் பஃபரும் மிச்சத்தைத் தின்றுவிடும். அதனால்தான் இருவர் பேச்சும் முட்டிக்கொள்கிறது. நீ சொல்லி முடித்ததும் என்னிடமிருந்து சத்தம் வராவிட்டால் நான் யோசிப்பதாகவோ கோபமாக இருப்பதாகவோ எண்ணாதே. ஒரு நொடி பொறு. உன் குரலே உனக்குத் திரும்பக் கேட்டால் அது பெரும்பாலும் நம் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் போய் வருவது. உடனே சொல், ஸ்பீக்கரை அணைத்துவிடுகிறேன்.

அடுத்த கப்பலில் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இருந்தால் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. அது சுமார் 550 கிலோமீட்டர் உயரம்தான், ஏறி இறங்கச் சில மில்லி செகண்ட் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டாம் முறை ‘ஹலோ’ என்றால், உன் முதல் பதில் இன்னும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பதில் சொல்லாமல் காத்திரு. அப்படியும் முட்டிக்கொண்டே இருந்தால் கட் செய்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. ஒரு நிமிடப் பேச்சு சில நூறு கிலோபைட்தான். நாங்களும் அப்படியே அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா