நின்றுகொண்டே பறந்த விமானம்

சென்னை
புதன் இரவு

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மாதக் கடைசியில் பில் குவிந்துவிட்டதால் இன்றுதான் உட்கார முடிந்தது. தென்னையில் வெள்ளை ஈ என்று எழுதியிருந்தாயே, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினாயா, கொஞ்சமாவது குறைந்ததா? எனக்கு முழங்கால்தான். டாக்டர் படி ஏறாதே என்கிறார், ஆபீஸ் லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது.

மகன் எடுத்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "வானத்தில் போவதற்கும் வாடகையா?" என்று கேட்டிருந்தாய். அதில் யூடிஎஃப் என்று இருப்பது விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்காகப் பயணி கொடுப்பது. டிக்கெட்டோடு சேர்த்து விமானக் கம்பெனிக்காரர்களான நாங்கள் வசூலித்து நிலையத்திடம் கட்டிவிடுகிறோம். பெரிய நிலையங்களுக்கு அந்த ரேட்டை ஏரா என்கிற ஆணையம் நிர்ணயிக்கிறது. நாம் ஏர்போர்ட்டில் வேலை பார்த்தபோது அப்படி ஓர் ஆணையம் கிடையாது, 2008 சட்டத்துக்குப் பிறகு வந்தது. நான் இப்போது சரிபார்ப்பது கம்பெனி தன் கையிலிருந்து கட்டுகிற பில்கள். இறங்கினதற்கு, நிறுத்தினதற்கு, அப்புறம் தரையிலிருந்து வழிகாட்டுகிற கன்ட்ரோலர் வழிநெடுகப் பார்த்துக்கொண்டதற்கு.

வானத்துக்கென்று வாடகை வாங்கவே கூடாது, தெரியுமா? 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. எல்லைக்கு மேலே கடந்துபோகிறாய் என்ற ஒரே காரணத்துக்காக எந்த நாடும் காசு கேட்க முடியாது. ரேடார், ரேடியோ, ஆள் என்று செய்துதருகிற சேவைக்கு வாங்கலாம். சைபீரியாவுக்கு மேலே போக ஐரோப்பியக் கம்பெனிகள் ரஷ்ய விமானக் கம்பெனியான ஏரோஃப்ளோட்டுக்குத் தனியாகக் கப்பம் கட்டினார்களே, அது எந்தச் சேவையில் சேர்த்தி என்று மட்டும் என்னைக் கேட்காதே.

கணக்கு போடுகிற விதம் உனக்குப் பிடிக்கும். ஐரோப்பாவில் 1971 முதல் இந்த வழிக் காசை வசூலிப்பது யூரோகன்ட்ரோல் என்கிற அமைப்பு. எத்தனை நாட்டுக்கு மேலே பறந்தாலும் பில் அங்கிருந்துதான். தூரத்தை நூறு கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையை, டன்னில், 50ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, அந்தந்த நாட்டு ரேட்டாலும் பெருக்கினால் முடிந்தது. 78 டன் ஏ320க்கு அந்த வர்க்கமூலம் 1.25. 575 டன் ஏ380க்கு 3.39. எடை ஏழு மடங்குக்கு மேல், காசு மூன்று மடங்குகூட இல்லை. முதல் தடவை பார்த்தபோது பெரிய ஆளுக்குச் சலுகையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் யோசித்தேன். கன்ட்ரோலருக்கு இரண்டும் திரையில் ஆளுக்கொரு புள்ளிதான். குண்டாக இருப்பதால் அவருக்கு வேலை கூடப்போவதில்லை.

தூரத்தில்தான் வேடிக்கை. 2019 முடியும்வரை, கிளம்புவதற்கு முன் கடைசியாகத் தாக்கல் செய்த ஃப்ளைட் பிளானில் எழுதின பாதைக்குத்தான் பில். நடுவில் கன்ட்ரோலர் குறுக்குவழி கொடுத்து வேறு நாட்டுக்கு மேலே போயிருந்தாலும், காசு பிளானில் எழுதின நாட்டுக்கே போகும். 2020 ஜனவரியிலிருந்து உண்மையில் பறந்த பாதைதான் கணக்கு. நாட்டுக்குள் நுழைந்த புள்ளிக்கும் வெளியேறின புள்ளிக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி அளந்துவிடுகிறார்கள். ஆக, சொன்னதை விட்டுச் செய்ததற்குப் பில் போட அவர்களுக்கே கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு நிலையத்திலிருந்து எங்களுக்கு ஒரு பார்க்கிங் பில் வந்தது. பார்க்கிங் விதி உனக்கு மனப்பாடம். முதல் இரண்டு மணி நேரம் இலவசம், இறங்கி வந்து நிற்க ஒரு கால் மணி, கிளம்பி ஓடுபாதைக்குப் போக ஒரு கால் மணி, மிச்சத்தை மணிக்கணக்காக்கிப் பில். ஞாயிறு இரவு 10.40க்கு இறங்கின விமானம் செவ்வாய் இரவு 9.55க்குத்தான் கிளம்பியது என்று, இலவச நேரமெல்லாம் போக 45 மணி நேரத்துக்குப் போட்டிருந்தார்கள். ஏரோபிரிட்ஜை ஒட்டின இடம் என்பதால், இலவச நேரம் முடிந்து இரண்டு மணிக்கு அப்பால் இரட்டை ரேட் வேறு.

அந்த விமானம் ஞாயிறு இரவு 11.50க்கே கிளம்பிவிட்டது. திங்கள் காலை வேறு ஊரில் இறங்கினதற்கு அந்த ஊர்க்காரர்கள் அனுப்பின லேண்டிங் பில் என் மேஜையிலேயே கிடந்தது. இதைவிட வேடிக்கை, செவ்வாய் இரவு 9.05க்கு அதே விமானம் திரும்பவும் பார்க்கிங் பில் போட்ட நிலையத்திலேயே போய் இறங்கியிருக்கிறது. நிற்கிற விமானம் நிற்கிற இடத்திலேயே வந்து இறங்குகிறது, சாஃப்ட்வேர் ஒன்றும் கேட்காமல் அதற்கும் ஒரு லேண்டிங் சார்ஜ் போட்டுவிட்டது!

மூன்று நாள் தோண்டினேன். தப்பு எங்கள் பக்கம். ஞாயிறு இரவு கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றியிருக்கிறார்கள், புறப்பாட்டுப் பிளானில் பழைய விமானத்தின் பதிவு எண்ணே இருந்துவிட்டது. வராத விமானம் ஒன்று கிளம்பியதாகவும், வந்தது கிளம்பவே இல்லை என்றும் சிஸ்டத்துக்குச் செய்தி போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமைப் புறப்பாடு வந்ததும் அதை ஞாயிற்றுக்கிழமை வரவோடு முடிச்சுப்போட்டுவிட்டது. கூட்டல் பெருக்கலில் ஒரு பைசா பிசகவில்லை. இரண்டு பில்லையும் சேர்த்து ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், இரண்டு வாரத்தில் கிரெடிட் நோட் வந்தது. செவ்வாய் இறங்கினது சிஸ்டத்தில் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம்.

அன்றைக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மழையோ பனியோ, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு விமானங்கள் நிற்கிற ஏப்ரனில் இறங்கி, ஒவ்வொரு வாலாக வெளிச்சம் அடித்துப் பார்த்து, நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு வருவாய். உள்ளே வந்து ரெஜிஸ்டரில் ஏற்றும்போது வியர்வையில் பாதி அழிந்திருக்கும், எட்டா மூன்றா என்று சண்டை போடுவோம். நீ எழுதினதில் தப்பு இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் காலியாகக் கிடக்கிற இடத்துக்கு நீ ஒரு நாளும் பில் எழுதியதில்லை. இங்கே புதிதாகச் சேர்ந்த பையனிடம் இதைச் சொன்னேன். "ஏன் சார், ஜன்னல் வழியாப் பார்த்திருக்கலாமே" என்றான். ஏர்போர்ட்டில் நம் ரூமில் ஜன்னலே கிடையாது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஏப்ரல் 1ஆம் தேதி ரேட் மாறினால் இன்னமும் தகராறுதான். நமக்கு விடியற்காலை இரண்டு மணி என்றால் விமானக் கணக்குக்கு வைத்திருக்கிற உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தின நாள் ராத்திரி எட்டரை. அது பழைய ரேட்டா புது ரேட்டா என்று நீயும் நானும் அடித்துக்கொண்டது மாதிரியே இப்போது மெயிலில் அடித்துக்கொள்கிறார்கள்.

சரி, தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு மாசியில் இரண்டு வயது முடிகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வருவதாக இருந்தால் தை மாதத்துக்குள் கூட்டிக்கொண்டு வா. இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு யூடிஎஃப் கிடையாது.

அன்புடன்,
உன் ரெஜிஸ்டர்க்காரன்